பெகு சாலையில் பிரிந்தவர்கள்

கன்னியம்மா கருங்குழிக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு நாற்று நடத் தெரியாது. ரப்பர் மரம் சீவத் தெரியும். துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டத் தெரியும். ரப்பர் மரத்தைப் பற்றி ஊரில் சொல்லிக்கொண்டாள். துப்பாக்கியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுடைய அம்மா சின்னப்பொண்ணு கல்யாணத்துக்கு முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள்.

"பட்டாளத்துல சுத்துன பொண்ணுன்னு தெரிஞ்சா எவன்டி உன்னக் கட்டிக்குவான்?"

"அது பொம்பளைங்க பட்டாளம்மா. ஆம்பளைங்க அந்தப் பக்கமே வரமாட்டாங்க."

"அத ஊர்ல வூடு வூடாப் போயி சொல்லுவியா? கம்முனு இரு."

அவள் பிறந்தது மலேயாவில், சிரம்பானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா அருணகிரி கருங்குழியிலிருந்து கங்காணியோடு கப்பலேறிப் போனவர். ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்த பிறகு சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். அருணகிரியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தாயும் மகளும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாளில்தான் தோட்டத்து மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே ஒரு படை அமைக்கிறார்கள், ஜான்சி ராணி படை என்று பெயர், நாட்டுக்காகச் சண்டை போட விரும்புகிறவர்கள் வரலாம் என்று காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் பேசினாள். பேச்சைத் தொடங்கும்போது "சகோதரிகளே" என்றாள். அதுவரை கன்னியம்மாவைத் தோட்டத்தில் "ஏய்" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

வீட்டில் அம்மா முதுகில் அறைந்தாள். "சோத்துக்காகவாடி போற?"

"ஆமா. சோத்துக்கும்தான் போறேன்" என்றாள் மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

சிங்கப்பூர் முகாமில் அவளுக்கு அடுத்த கட்டிலில் படுத்தவள் ரெபேக்காள். வேறொரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸரின் மகள். தாயும் தகப்பனும் சண்டைக் காலக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். முதல் நாள் சுட்டுப் பழகியபோது துப்பாக்கி உதைத்து இருவருக்கும் தோள்பட்டை கன்றிப்போயிற்று. சாயங்காலம் ஒருத்திக்கு ஒருத்தி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். "எருமையே, மெதுவாத் தேயேன்" என்று ரெபேக்காள் கத்தினாள். சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

ரெபேக்காளின் தாய் பிறந்த ஊர் செங்கல்பட்டு. "ஏரிக்கரைய ஒட்டியே ரயில் போவுமாம். ரயில்ல இருந்து பாத்தா தண்ணி மேல போற மாதிரியே இருக்குமாம்" என்பாள் ரெபேக்காள். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கன்னியம்மாவும் கருங்குழியைப் பார்த்ததில்லை. ஆனால் கருங்குழியும் செங்கல்பட்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று அப்பா சொல்லி அவளுக்குத் தெரியும். பார்க்காத இரண்டு ஊர்களைப் பற்றி இருவரும் ஓயாமல் பேசினார்கள். சண்டை முடிந்ததும் சேர்ந்தே கப்பலேறி அங்கே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

படை பர்மாவுக்குப் போனது. மேமியோ என்ற மலை ஊரில், போர்முனைக்குக் கூப்பிடுவார்கள் என்று பெண்கள் காத்திருந்தார்கள். அழைப்பு வரவில்லை. போர்முனையிலிருந்து காயம்பட்ட ஆண்கள்தான் வந்தார்கள். சீழ் பிடித்த கால்களோடும், மலேரியாவில் உளறிக்கொண்டும் வந்தார்கள். பெண்கள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டுத் துணி அலசினார்கள். குண்டு விழும்போது நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினார்கள். சாகப் போகிற பையன்கள் "அம்மா" என்று கூப்பிட்டால், பதினெட்டு வயதுப் பெண் "இங்கதாம்ப்பா இருக்கேன்" என்று பதில் சொன்னாள்.

கடைசியில் பின்வாங்க உத்தரவு வந்தது. ரங்கூனிலிருந்து கிழக்கே, பெகு சாலை வழியாகச் சேற்றிலும் மழையிலும் நடை. ரெபேக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. கன்னியம்மா அவளுடைய மூட்டையையும் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பெகுவைத் தாண்டியதும் ரெபேக்காளால் நிற்கக்கூட முடியவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு தமிழ்க் குடியானவர் வீட்டில் அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். கன்னியம்மா கூடவே இருக்கிறேன் என்று கெஞ்சினாள். உத்தரவு மாறவில்லை.

"நான் வந்து கூட்டினு போறேன். எங்கயும் போயிடாத" என்றாள் கன்னியம்மா.

"போவல. நீ வா" என்றாள் ரெபேக்காள். கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு சரக்கு ரயிலில் போகும்போது, வெள்ளைக்காரர்கள் பக்கம் சேர்ந்துவிட்ட பர்மாக்காரர்கள் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். கன்னியம்மா படுத்துக்கொண்டு திருப்பிச் சுட்டாள். யார் மேலாவது பட்டதா என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த பெண் மட்டும் எழவில்லை. பாங்காக்கில் இருந்தபோது ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தது. படையைக் கலைத்து அவளை மலேயாவுக்கு அனுப்பினார்கள். பர்மாவுக்குத் திரும்பிப் போக வழி இருக்கவில்லை. தோட்டத்தில் அம்மா பாதி பார்வையோடு தனியாகக் கிடந்தாள். இருவரும் கப்பலேறி சென்னையில் இறங்கி, அப்பாவின் ஊருக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளை காசிநாதன் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் ஒரு மாட்டு வண்டியும் வைத்திருந்தவர். அதிகம் பேசாத மனிதர். அவளுக்கு நடவு தெரியாததற்கு ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா காலமானாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கைதான். ஆனாலும் வண்டி கடலை மூட்டையோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினால் கன்னியம்மாவும் ஏதாவது சாக்குச் சொல்லி ஏறிக்கொள்வாள். மாதா கோயில் வாசலிலும், மிஷன் பள்ளிக்கூடத்து வாசலிலும், ரயிலடியிலும் விசாரிப்பாள்.

"ரெபேக்காள்னு ஒரு பொண்ணு. பர்மாவுல இருந்து வந்திருக்கும். அவங்க அம்மாவுக்கு இந்த ஊருதான்."

யாருக்கும் தெரியவில்லை. உயிரோடு இருந்தால் அவள் இங்கேதான் வந்திருப்பாள் என்பது கன்னியம்மாவின் கணக்கு. திரும்பும் வழியில் ஏரியைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஏரிக்கரையில் ரயில் போனால் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பாள். காசிநாதன் ஒரு தடவை கேட்டார்: "இன்னா புள்ள, யாரத் தேடிகினு கீற?" "மலேயாவுல பழகுன சிநேகிதி" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஐம்பத்தாறாம் வருடம், தீபாவளிக்குத் துணி எடுக்க இருவரும் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் நூர்முகமதுவின் ஜவுளிக் கடைக்குப் போனார்கள். அந்தக் குடும்பம் ரங்கூனில் கடை வைத்திருந்து, சண்டைக்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. காசிநாதன் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நூர்முகமதுவின் மனைவி ஹபீபா பெண்களுக்குத் துணி எடுத்துப் போட்டபடி ரங்கூன் கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க தெரு வழியா டிரௌசர் போட்ட பொம்பளப் புள்ளைங்க துப்பாக்கிய வச்சிக்கிட்டு அணிவகுத்துப் போவாங்கம்மா. நாங்க சன்னல் திரைய வெலக்கிப் பாப்போம். எல்லாம் தமிழ்ப் புள்ளைங்க."

கன்னியம்மாவின் கையிலிருந்த பாவாடைத் துணி நழுவியது. "பாயம்மா, அதுல யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? அதுல இருந்த ஒரு புள்ள எங்க கூடத்தான் கப்பல்ல வந்துச்சு. இப்ப மகாபலிபுரத்துல நர்சம்மாவா இருக்கு. என் மருமவளுக்கு அதுதான் பிரசவம் பாத்துச்சு."

"பேரு?"

"நாங்க நர்சம்மான்னுதான் கூப்புடுவோம். நீ ஏன் புள்ள அழுவுற?"

வீடு திரும்பும் வழியில், வண்டியில் வைத்து, கன்னியம்மா கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மைதானத்துக் கூட்டம், காக்கிச் சட்டை, மேமியோ, பெகு சாலை, சரக்கு ரயில். காசிநாதன் மாட்டை ஓட்டாமல் கயிற்றைத் தளர விட்டிருந்தார். அதுவாக நடந்தது.

ரொம்ப தூரம் கழித்துக் கேட்டார்: "சுட்டியா?"

"சுட்டேன்."

"கல்யாணமாயி எத்தினி வருசமாவுது. தெனம் உன் கையால சோறு துன்னுகினு கீறேன். என்னாண்ட சொல்லணும்னு உனுக்குத் தோணவே இல்லியா?"

"அம்மா சத்தியம் வாங்கிச்சு."

"உங்கம்மாதான் போயிடுச்சே. அதுக்கப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல."

அவள் துப்பாக்கி தூக்கியது அவரைச் சுடவில்லை. தன்னிடம் மறைத்ததுதான் சுட்டது. இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு. மகாபலிபுரம் பஸ் போயிடப் போவுது."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போன பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரெபேக்காள் பருத்திருப்பாளா, முடி வளர்த்திருப்பாளா, தன்னைப் பார்த்ததும் திட்டுவாளா என்றெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தெரிந்தது. கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நர்சம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவள் உயரமான, கண்ணாடி போட்ட பெண். ரெபேக்காள் இல்லை.

காசிநாதன்தான் பேசினார்: "கருங்குழிலேருந்து வர்றோம்மா. இவ மலேயாவுல இருந்தவ. ஜான்சி ராணி பட்டாளம்."

அந்தப் பெண் கன்னியம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நீங்க கன்னியம்மாவா?" என்றாள். இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

அவள் பெயர் சரோஜா. ரங்கூனில் பிறந்தவள், படையின் ஆஸ்பத்திரிப் பிரிவில் இருந்தவள். பின்வாங்கும்போது போகாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டாள். சண்டை ஓய்ந்ததும் பெகு பக்கத்துக் குடியானவர் ஒருவர் ரெபேக்காளை வண்டியில் போட்டு ரங்கூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"பொழச்சிட்டாளா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"நல்லாவே பொழச்சா. எங்க வீட்டுலதான் இருந்தா. உங்க பேரு இல்லாம அவளுக்குப் பேச்சே கெடையாது. நாங்க கெளம்பும்போது, வாடி, உங்க அம்மா ஊருக்கே போகலாம்னு கூப்பிட்டேன். கப்பல்ல இடமும் இருந்துச்சு. வரமாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"கன்னியம்மா எங்கயும் போயிடாதன்னு சொல்லியிருக்கா. தேடிக்கிட்டு வருவா. வரும்போது நான் இல்லன்னா என்ன பண்ணுவான்னு சொன்னா."

கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவள் செங்கல்பட்டில் ரயில் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில் அவள் அங்கே வழி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "நான்தான்... நான்தான் போவாதன்னு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சரோஜா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காசிநாதன் வெளியே போய் வேலியோரம் நின்றார்.

ரெபேக்காள் பெகு பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாள் என்பது வரைதான் சரோஜாவுக்குத் தெரியும். அதன் பிறகு பர்மாவிலேயே கலகம் வந்து, ஊர்கள் எரிந்து, சேதி அறுந்துவிட்டது.

சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். வலை காயப்போட்டிருந்த மீனவர் ஒருவரிடம் கன்னியம்மா, பர்மா எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கடலைக் காட்டினார். "நேரா இப்பிடியே போவணும். இன்னா, கட்டுமரத்துல போவப் போறியா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போக முடியுமா என்று உண்மையாகவே யோசிப்பவளைப் போல அலைகளைப் பார்த்தாள்.

அடுத்த வருடம் நூர்முகமதுவின் தம்பி மைதீன் பழைய கடை விவகாரமாக ரங்கூன் போனான். ஹபீபா ஆளனுப்பி, என்ன சேதி சொல்ல வேண்டும் என்று கேட்டாள். கன்னியம்மா வழி நெடுகப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனாள். மைதீன் எதிரில் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"கன்னியம்மா கருங்குழியில கீறான்னு சொல்லுங்க தம்பி. வர முடியாமப் போச்சுன்னு சொல்லுங்க. இனிமே அவ எனக்காக அங்க நிக்க வேணாம், இங்க வந்துடச் சொல்லுங்க."

மைதீன் நல்ல பையன். பெகு வரைக்கும் போய் விசாரித்திருக்கிறான். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் நெல் மில் இருந்தது. அந்த டீச்சருக்குக் கல்யாணமாகி வடக்கே எங்கோ போய்விட்டதாக ஒரு கிழவர் சொன்னார். அதெல்லாம் வேறு டீச்சர் என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான் கிடைத்தது.

"கல்யாணமாயிடுச்சுன்னா சொன்னாரு?" என்று கன்னியம்மா இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் செங்கல்பட்டில் யாரையும் விசாரிப்பதை விட்டுவிட்டாள். மாசி மாதம் கடலாடப் போகிற கூட்டத்தோடு வருடா வருடம் மகாபலிபுரம் போய் சரோஜா வீட்டில் தங்குவாள். ஊரில் விஷயம் மெல்லத் தெரிந்தது. சிலர் கேலி செய்தார்கள். சிலர் பிள்ளைகளை அனுப்பித் துப்பாக்கி எப்படிச் சுடுவது என்று கேட்கச் சொன்னார்கள். "சுடறதுல இன்னா கீது, நடக்கறதுதான் கஷ்டம்" என்பாள்.

மாறியது காசிநாதன்தான். பேசாத மனிதர், வேலை முடிந்து கால் கழுவிவிட்டு வந்ததும் அந்தக் கதையைக் கேட்க ஆரம்பித்தார். மேமியோவில் குளிருமா, ஆற்றை எப்படித் தாண்டினீர்கள், அந்த அதிகாரி எந்த ஊர்க்காரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பார்த்தே இராத ரெபேக்காளைச் சொந்தக்காரப் பெண்ணைப் போலப் பேசுவார்.

"அந்தப் புள்ள இப்ப இன்னா பண்ணிகினு கீதோ?"

கன்னியம்மா ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்வாள். பிள்ளைகளை அதட்டிகினு இருப்பா. தலைக்கு ஊத்திகினு முடி ஒணத்துவா. புருசனோட சண்ட போட்டுட்டு மொறச்சிகினு உக்காந்திருப்பா.

ஒருநாள் சாயங்காலம் மழை மூட்டமாக இருந்தது. அவர் வழக்கம் போலக் கேட்டார். கன்னியம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள்.

"நமக்கு முன்னாடி அங்க இருட்டிடும்" என்றாள். "இன்னேரம் வெளக்கு ஏத்தியிருப்பா."