வெரி கிளியர், வெரி கிளியர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் குளியலறை கழுவினாள். பிளீச் மணம் கூடத்துக்கு வந்ததும் எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"வேற என்னத்தை ஊத்தினனீ?"

"ஒண்டுமில்லை. ஜஸ்ற் பிளீச்."

பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பீர்கள். நினையுங்கள், உண்மைதானே.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பாடம் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "வாத்தியார் வேலையோ?" என்றார். "இல்லையம்மா, வாத்தியாருக்குத் தெரிஞ்சதை அளவா வெட்டித் தைச்சுக் குடுக்கிற வேலை." "அப்ப ரெயிலரோ?" அன்றிலிருந்து வீட்டில் நான் ரெயிலர்தான். தற்காலிக வேலை, பிடித்தால் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வீடு.

முதல் பாடம் துப்புரவுப் பணியாளர்களுக்கு. கொம்பியூற்றர் திரையில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வரும். ஒரு விசையை அழுத்தினால் அடுத்த பக்கம். வகுப்புக்குப் போகுமுன் ஒரு மாணவரை இருத்திச் சோதிப்பார்கள். பாடத்தைச் செய்தவன் பின்னால் ஒரு கதிரையில் வாய் திறக்காமல் இருக்கவேண்டும். மாணவர் தடுமாறினால் பிழை பாடத்தில்தான், மாணவரில் இல்லை. அதுதான் எங்கள் தொழிலின் வேதம்.

சோதனைக்கு வந்தவர் ரோசலின் அன்ரி, மன்னார்க்காரி. அலுவலகங்கள் துடைத்துக்கொண்டிருந்தவர், மருத்துவமனையில் சேர இந்தச் சான்றிதழ் வேண்டும். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி தமிழோ? உது நீர் செய்த பாடமோ?"

"ஓம் அன்ரி. இது சரிவந்தாத்தான் என்னை வேலையிலை வைச்சிருப்பினம்."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். மேலாளர் மார்கிரெட் பேனையுடன் வந்து பக்கத்தில் இருந்தார். அன்ரி எங்கும் தடுமாறவில்லை. பக்கங்கள் கடகடவென்று ஓடின. விளங்குகிறதா என்று மார்கிரெட் கேட்டபோதெல்லாம், "வெரி கிளியர், வெரி கிளியர்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் நிலவறையில் செய்முறை வகுப்பு. என் பாடத்தின் அழகைப் பார்க்க நானும் இறங்கிப் போனேன். ஜன்னலில்லாத அறை. ஆசிரியர் துடைப்பம் எடுக்க வெளியே போயிருந்தார். அன்ரியின் வாளிக்குள் பிளீச் இருந்தது. கை அமோனியாப் போத்தலைச் சரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் கலந்தால் வருவது நச்சுப்புகை. அந்த எச்சரிக்கையை நான் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன்!

"அன்ரி, ஊத்தாதேங்கோ!"

கொஞ்சம் விழுந்துவிட்டது. மூக்கும் கண்ணும் எரிந்தன. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நடைவழியில் குந்தியிருந்து இருமினார், இருமினார், மூச்சை இழுக்கவே முடியவில்லை. செத்துப்போவாரோ என்று நடுங்கினேன். அப்படியொரு பயம் ஊரில் குண்டு விழுந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. அங்கே விழுந்த குண்டை நான் செய்யவில்லையே.

மார்கிரெட் ஓடிவந்தார். என்ன நடந்தது, பாடத்தில் இது இல்லையா என்று கேட்டார். அன்ரி கண்ணீர் வழிய என்னை ஒருமுறை பார்த்தார்.

"லெசன் குட்," என்றார், இருமலுக்கு நடுவில். "வெரி கிளியர். மை மிஸ்ரேக்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்கிரெட் தண்ணீர் எடுக்கப் போனதும் கேட்டேன்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு ஏதாவது விளங்கினதோ?"

"ஒரு இழவும் விளங்கேல்லை, தம்பி. சொன்னா உம்மடை வேலை போயிடுமல்லே?"

மார்கிரெட்டிடம் போய், சோதனை பிழையாய்ப் போய்விட்டது, திரும்பச் செய்யவேண்டும் என்றேன். வேலை போகவில்லை. எச்சரிக்கையை முதற் பக்கத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு போத்தல்களை வரைந்து நடுவில் சிவப்புக் கோடு போட்டேன். இரண்டாம் முறை அன்ரி என்னை வறுத்தெடுத்தார். "இது விளங்கேல்லை. இதுவும் விளங்கேல்லை. உதையேன் தம்பி எழுதினனீர்?" பிறகு அவர் மருத்துவமனை வேலைக்குப் போனார்.

இப்போது என் பாடங்கள் இணையத்தில் போகின்றன. படிப்பவர்களை நான் காண்பதில்லை, அவர்களும் என்னைக் காண்பதில்லை. குழப்பம் என்று ஒரு நட்சத்திரம் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொழிலுக்கு அதுதான் நல்லது, பாடம் கெதியில் திருந்துகிறது. என் சோறு போய்விடுமோ என்று எனக்காகப் பயப்படுகிற ஒரு மாணவர்தான் இப்போது இல்லை.