எஸ்னாத்தின் வியாழக்கிழமைகள்

யாரைப் பார்க்கப் போனாலும், முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்ப்பார் எஸ்னாத். நலம் விசாரிப்பதும் அங்கிருந்துதான். "இந்தக் குதிகால் ஏன் இப்படி வெடிச்சிருக்கு? தண்ணி தூக்க ரொம்ப தூரம் போறீங்களோ?" கேட்டுக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரை ஊற்றிவிடுவார்.

மற்ற நாட்களில் எங்கள் ஊர் கன்யாமா சந்தையில் கபெண்டா என்கிற பொடிமீன் கருவாடு விற்கிறவர். வியாழக்கிழமை மட்டும் கடையை மூடிவிட்டு, எங்கள் தேவாலயப் பெண்கள் குழுவோடு நோயாளிகளையும் தனியாக இருப்பவர்களையும் பார்க்க வருவார். நாங்கள் சோள மாவும் எண்ணெயும் கொண்டுபோவோம். அவர் பையில் நகவெட்டி, தேய்க்கும் கல், ஒரு பழைய பல் பிரஷ்.

ஜெபம் கடைசியில்தான். "முதல்ல ஜெபம் பண்ணினா கண்ணை மூடிக்கிட்டுக் காலையும் உள்ள இழுத்துக்கிறாங்க. கழுவிட்டுப் பண்ணலாம், கர்த்தர் எங்கயும் போயிட மாட்டாரு." போதகருக்கு இதில் வருத்தம். ஒருநாள் எஸ்னாத் போதகரின் கால்நகங்களையும் வெட்டிவிட்டார். அதன்பின் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது கோலூன்றிக் குழாயடிவரை போய்வருகிற சிவாலே, போன மழைக்காலத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். பஸ் ஓட்டி ஓய்ந்தவர், தனிக்கட்டை. ரப்பர் பூட்ஸைக் கழற்றவே மாட்டார்.

"மாவை வெச்சுட்டுப் போங்கம்மா. என் கால் என்கிட்டயே இருக்கட்டும்."

"நாத்தம் தெருமுனை வரைக்கும் வருதே அண்ணே."

"உன் கருவாட்டுக் கூடையை மோந்துட்டு வந்து பேசு!"

எஸ்னாத் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நகரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அவருடைய பஸ் கதைகளைக் கேட்க ஆரம்பித்தார். மலை இறக்கத்தில் பிரேக் போன கதை வந்ததும், "எப்படி மிதிச்சீங்க, என் மடியில மிதிச்சுக் காட்டுங்க" என்றார். சிவாலே வேகத்தில் காலை நீட்டிவிட்டார். பூட்ஸ் கையோடு வந்தது. காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சர்க்கரை நோய், அவருக்கு வலியே தெரியவில்லை.

தள்ளுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரல்களை இன்றே எடுத்தால் கால் தப்பும் என்றார் டாக்டர். சிவாலே சம்மதக் காகிதத்தைத் தள்ளிவிட்டார்.

"முழுசாப் பொறந்தேன், முழுசாவே போறேன். வெட்டின காலோட நடக்கிறவனை எவன் மதிப்பான்?"

நான் பொருத்தமான வேதவசனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எஸ்னாத் குனிந்து, தன் இடது கான்வாஸ் ஷூவின் நாடாவை அவிழ்த்தார். பதினொரு வருடம் கூடவே நடந்தும் அவர் காலை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்தார். மூன்று விரல்கள் இல்லை.

சிவாலே வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, வழவழப்பான அந்தத் தழும்பைத் தொட்டார்.

"எப்போம்மா இது?"

"அது பெரிய கதை. கையெழுத்தைப் போடுங்க அண்ணே, ஒத்தக் காலுல எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை அந்தக் கால் அங்கேயே இருந்தது.