விரலால் முடுக்கிய நட்டு

எங்கள் பெரியக்காவுக்கு நாலு பெண்கள். மூன்றாமவளைக் கட்டியவர்தான் பைப்பு மாப்பிள்ளை. குழாய் வேலைக்காரர் என்பதால் வந்த பெயர். என் தம்பிக்கு இரண்டாவது பெண் பிறந்த வருஷம் அவர்கள் கல்யாணம். அன்றைக்குக் கைகழுவுகிற இடத்தில் குழாய் ஒழுகுவதைப் பார்த்துப் புதுச்சட்டையோடு போய் முடுக்கிவிட்டு வந்த மனுஷர்.

ஐம்பத்திரண்டு வயதில் ஏணியிலிருந்து விழுந்து முட்டி போயிற்று. குந்தி உட்கார முடியாதவருக்குக் குழாய் வேலை ஏது? ஒரு வருஷம் வீட்டிலேயே கிடந்தார். அப்புறம் தண்ணீர் ஆபீசில் ஒரு வேலை வந்தது. மலைமேல் இருக்கிற தொட்டிக்குத் தினமும் ஏழு மணிக்குள் போய், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். ஒற்றையடிப் பாதை, வண்டி போகாது. நடக்க முட்டி விடவில்லை, மிதிக்க விட்டது. ஆபீசிலேயே ஒரு மலைச் சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

அந்தச் சைக்கிள் டயருக்குள் டியூப் கிடையாது. டயரின் விளிம்பே சக்கரத்தைக் கவ்விக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும். உள்ளே பால் மாதிரி ஒன்றை ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அது ஓடிவந்து அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாம் வாரம் பின்சக்கரத்தைச் சனி பிடித்தது. சாயங்காலம் கல் மாதிரி இருக்கும். விடிந்து பார்த்தால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். காற்றடித்துக் கிளம்பி, பாதி வழியில் மறுபடி அடித்து, இரண்டு நாள் ஏழரை ஆகிவிட்டது. ஊரே குழாயடியில் காலிக் குடத்தோடு நின்றது. மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை, அதுதான் இவருக்குப் பயமாக இருந்ததாம். இன்னொரு நாள் பிந்தினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே சக்கரத்தைக் கழற்றித் துணி துவைக்கிற தொட்டியில் முக்கினார். டயரில் ஒரு குமிழி இல்லை. சக்கரத்தின் வளையத்தில் கம்பிகள் நுழைகிற இடத்தில், மூன்று கம்பிகளின் அடியில் வந்தது. துடைத்துக் காயவைத்து, குழாய்க்குப் பூசுகிற பசையை அப்பினார். திரும்ப முக்கினால் வேறு இரண்டு கம்பியில் வந்தது. அங்கேயும் அப்பினார். பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கேட்கவில்லை. சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டால், டயர் செத்துப்போச்சு, புதுசு வர நாலு நாள் ஆகும் என்றார். நாலு நாளைக்கு எங்கே போவது?

அக்கா மகள் ஊறவைத்த துணியோடு, தொட்டி எப்போது காலியாகும் என்று நின்றிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, மாடி வீட்டுல சுவரு ஊறுதுன்னு கூப்பிட்டாங்களே, ஈரம் இருந்த இடத்தையா உடைச்சீங்க?"

"அதெப்படி? தண்ணி எங்கேயோ கசிஞ்சு எங்கேயோ வெளிய வரும்."

"காத்துக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாதா?"

மனுஷர் சக்கரத்தைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார். டயரை முழுசாகக் கழற்றினார். உள்ளே, கம்பித் துளைகளை எல்லாம் மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி ஒரு நாடா ஒட்டியிருந்தது. காற்றடிக்கிற மூக்கு அந்த நாடா வழியாகத்தான் வெளியே வருகிறது. மூக்கைச் சுற்றி நாடா முறுக்கிக் கிழிந்திருந்தது. காற்று அங்கே இறங்கி, சக்கரத்தின் உள்கூட்டில் ஊர்வலம் போய், கிடைத்த துளையில் வெளியேறியிருக்கிறது.

கிழித்தது யார்? மூக்கின் நட்டை விரலால் முடுக்கினால் போதும் என்று சொல்லித்தான் சைக்கிளைக் கொடுத்தார்களாம். இவர் கை கேட்குமா? முதல் வாரக் கடைசியில், குழாய்க்கு இறுக்குகிற மாதிரி ஸ்பேனரைப் போட்டு இறுக்கியிருக்கிறார்.

"நான்தான் கெடுத்தேன்," என்றாராம். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

சைக்கிளோடு வந்த பையில் நாடாச் சுருள் இருந்தது. பழைய பிசுக்கைச் சுரண்டித் துடைத்து, புது நாடாவை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினார். நட்டைப் போடும்போது கை தானாக ஸ்பேனரைத் தேடியது. அவள் அதை முன்பே எடுத்து ஈரத்துணிக்கு அடியில் சொருகியிருந்தாள். விரலாலேயே முடுக்கினார். பாலை ஊற்றி, டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மூச்சுவிடாமல் பம்பை அடிக்க, ஒரு பக்கம் டப், மறுபக்கம் டப் என்று டயர் கவ்விக்கொண்டது. தொட்டியில் முக்கினார்கள். ஒரு குமிழி வரவில்லை.

"இப்பவாவது துணி துவைக்கலாமா?" என்றாள்.

மறுநாள் காலை பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், டயர் அமுங்கவில்லை. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மலைத் தொட்டியடிக்குப் போனால், மேற்பார்வையாளர் தன் சித்தப்பா மகனோடு நின்றிருந்தார். மாற்று ஆளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். இவர் ஒளிக்காமல், தப்பு டயரில் இல்லை, தன் கையில் என்று நடந்ததை எல்லாம் சொன்னார். அவர் சைக்கிளைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"லைன் எங்கயாச்சும் கசிஞ்சா இவரு கண்டுபிடிச்சிடுவாரு. நீ என்னடா பண்ணுவ?"

 மேற்பார்வையாளர் அவனுக்கென்று எடுத்து வந்திருந்த தொட்டி அறைச் சாவியை இவர் கையில் வைத்துவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாயிற்று. இப்போது அந்தப் பாதையில் மூன்றாவது டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது.