டப்பாவில் முப்பத்தாறு பொட்டலங்கள்

1961 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். உடல் வெப்பம் 99.2. ஆறரைக்குக் காப்பி. பத்து மணிக்குச் சாப்பாடு. அதன் பின் ஐசோனியாசிட் மாத்திரை ஒன்று, பி.ஏ.எஸ். (காசநோய்க் கிருமி பெருகாமல் தடுக்கும் தூள்) பொட்டலம் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் இதே அளவு. என் டம்ளரையும் எச்சில் கிண்ணத்தையும் நானே கொதிநீரில் கழுவி வைத்தேன். பதினொன்றுக்கு நர்ஸ் மாணவி மரகதம் வந்தாள்.

ஏப்ரலில் இருமலோடு நூலிழை போல ரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல்பகுதியில் குழிவு (நோய் அரித்த பள்ளம்) தெரிந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடச் சொன்னார்கள். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையான நான் விடுப்பு எடுத்தேன். பதினொரு வயது மகளைத் திருவானைக்காவலில் என் தங்கை வீட்டில் விட்டோம். ஞாயிறுதோறும் வாசலில் நின்றபடி என்னிடம் பேசிவிட்டுப் போவாள்.

நான்கு மாதமாகியும் சளியில் கிருமி போகவில்லை. மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதோ என்று டாக்டர் சந்தேகித்தார். அடுத்த பரிசோதனையிலும் இருந்தால் வெளியூர்க் காசநோய் சானடோரியம், குறைந்தது ஒரு வருஷம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும்.

மரகதம் தொட்டியத்துப் பெண். நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம். மாணவிகள் அதுவரை வார்டில் மட்டும்தான் பயிற்சி பெற்றார்கள். அந்த ஆண்டு முதல்முறையாக நாலைந்து பேரை, வாரம் மூன்று நாள், நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஊசி போடக்கூடாது, வேலை செய்யக்கூடாது. உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். என் வீட்டிற்கு யார் வருவது என்று நான் கேட்கவில்லை. வந்தவளிடம் அடுக்களைக்குள் வர வேண்டாம் என்று முதல் நாளே சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று தெர்மாமீட்டர் எடுக்க அலமாரியைத் திறந்தேன்.

"அது என்ன டப்பாங்க டீச்சர்?"

"மிச்ச மருந்து."

"மிச்சம் எப்படிங்க வரும்?"

எடுத்துக் காட்டினேன். முப்பத்தாறு பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி. ஏகாதசி நாட்கள்; வெள்ளிக்கிழமை இரவுகள்; அமாவாசை இரவுகள். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அன்னிக்கெல்லாம் ஏன் சாப்பிடல?"

"உணவுக்குப் பின் என்று எழுதியிருக்கிறது. உணவு இல்லாத நாளில் எப்படிச் சாப்பிடுவது?"

அவள் சிரிக்கவில்லை. "கிருமிக்கு ஏகாதசி கிடையாதே டீச்சர்" என்றாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன்; கோட்டுக்கு இடப்புறம் விரதங்கள், வலப்புறம் மருந்து. நான்கு மாதத்தில் இரண்டையும் சேர்த்து நான் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் "மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டபோதெல்லாம் ஆமாம் என்றேன். எழுதியிருந்தபடிதான் சாப்பிட்டேன்.

"இதை எழுதட்டுங்களா? நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்."

டப்பாவை நானே எடுத்துக்கொண்டேன். இருவரும் இரண்டு மணி பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம்.

டாக்டர் டப்பாவைத் திறந்து தேதிகளைப் பார்த்தார். "மருந்து வேலை செய்யலைன்னு அதைத் திட்டிட்டு இருந்தேன். பாவம், அது டப்பாவுல உட்கார்ந்திருக்கு" என்றார். பிறகு, விட்டு விட்டுச் சாப்பிட்டதாலேயே கிருமி மருந்துக்குப் பழகியிருக்கலாம், இனி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். சானடோரியத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்த கடிதத்தை அனுப்பாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "மூணு மாசம் பார்க்கலாம் டீச்சர். ஒரு வேளைகூட விடக்கூடாது. விரதம்னா ஒரு வாய் பாலோட சாப்பிடுங்க."

இருபத்திரண்டு வருஷமாக ஏகாதசியன்று தண்ணீரும் துளசியும் தவிர நான் எதுவும் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கே ஏகாதசி."

"தெரியும்."

"பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பாலைக் குடி" என்றார். காலண்டரில் விரலை நகர்த்தி, "குழந்தை ஞாயித்துக்கிழமை வருவா" என்றார்.

இதே பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் என் சளியில் கிருமி இல்லாமல் போயிற்று. ஆனால் அன்று இரவு அது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். திதி பார்த்து நாளை நடத்தியவள் நான். என் நுரையீரலுக்கு எல்லா நாளும் ஒரே நாளாக இருந்திருக்கிறது. இடது தோளுக்குக் கீழே, நான் அழைக்காமல் குடிவந்த ஒருவர் தன் கடிகாரத்தோடு இருப்பதுபோல் இருந்தது. இரவு மருந்தைச் சாப்பிட்டேன். நாட்குறிப்பில் அடுத்த பக்கத்தின் நடுக்கோட்டை ரப்பரால் அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை, ஏகாதசி. ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில் அரை டம்ளர் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தேன்.