ஒரு கதவு, இரண்டு அடுப்பு

குடும்பம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லியே எனக்கு முப்பது வருடம் சம்பளம் வந்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூடப் பிறந்தவர்களே ஆனாலும் அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. கணக்கெடுப்புக்குக் கிளம்புகிற எத்தனையோ பேருக்கு இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர், எனக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்போது புள்ளியியல் அலுவலகத்தில் என் பழைய நாற்காலியில் இருக்கிறார். ஓய்வு பெற்று, செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டு கிடந்த என்னை அவர்தான் கூப்பிட்டார்.

ஜவ்வாது மலையில் எந்தெந்த வீட்டில் சாப்பாடு போதவில்லை என்று அளக்கப் போகிறார்களாம். பட்டியலில் வருகிறவர்களுக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி கார்டுக்குச் சிபாரிசு போகுமாம். "உங்கள விட்டா அந்த மலைக்கு யாருங்க சார் இருக்காங்க?" என்றார். முகஸ்துதி என்று தெரிந்துதான் போனேன்.

புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். ஜீப் பாதி தூரம்தான் போனது. ஓட்டு வீடு ஒன்றில் முன்பக்கம் தம்பி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்பக்கச் சார்ப்பில், செத்துப்போன அண்ணனின் மனைவி. மூன்று கல், ஒரு பானை, ஒரு கிண்ணம்.

"போன மாசம் வீட்டுல சாப்பாடு இல்லாம ஒரு நாள் முழுக்க இருந்தீங்களா?" என்று படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.

"எந்த வூட்ல சார்? முன்னாடி வூட்லயா, பின்னாடி வூட்லயா?" என்றார் அந்த அம்மா.

முப்பது வருடத்தில் என் கேள்வியை யாரும் இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை.

ரேஷன் கார்டு கொழுந்தன் பேரில் இருந்தது. அரிசி முன்பக்கம் போகும். பின்பக்கம் சாமைக் கஞ்சி, அதுவும் ஒரு வேளை. சாயங்காலம் ஓரகத்தி ஒரு கிண்ணம் குழம்பு தருவாள், மீந்தால் ஒரு உருண்டை களி. தனி கார்டு வந்தால் யார் கையையும் பார்க்க வேண்டாம் என்றார். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு விதி தெரியும். அந்தக் குழம்புதான் இடைஞ்சல். "பட்டியல் வர்ற வரைக்கும் முன்பக்கத்துலேர்ந்து ஒரு கரண்டிகூட வாங்காதீங்கம்மா. மறுபடி சரிபார்க்க வரும்போது வாங்கறீங்கன்னு தெரிஞ்சா, ஒரே அடுப்புன்னு எழுத வேண்டியதாகிடும்."

"வாங்க மாட்டேன் சார். கார்டு வந்துரும் இல்ல?"

"விதிப்படி வரணும்."

வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேசித்தான் முப்பது வருடமும் ஓட்டினேன்.

ஒரு மாதம் கழித்து நானே சரிபார்க்கப் போனேன். அந்த அம்மாவின் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே தெரிந்தது. முதல் தடவை நான் வந்துவிட்டுக் கிளம்பிய அன்றே, நாலு பேர் பார்க்க, கிண்ணத்தைக் கழுவி ஓரகத்தி கையில் கொடுத்து, "உங்க வூட்டு கொழம்பு இனிமே வாணாம்" என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலங்களில் பலாக்கொட்டையை வேகவைத்துத் தின்றிருக்கிறார். அதுவும் தீர்ந்துவிட்டது. நான் இரண்டு படிவம் எழுதினேன். முன்பக்கம் மூன்று வேளை. பின்பக்கம், படிவத்திலேயே மிக மோசமான நிலை. அன்றைக்கு எனக்கு என்மேலேயே நல்ல மரியாதை இருந்தது.

பட்டியலில் அந்த அம்மா இல்லை.

அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலிக்காரர் எழுந்து நின்று, டீ சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார். "கதவு எண் ஒண்ணுதான் சார். ஒரு கதவுக்கு ஒரு படிவம். ரெண்டையும் சேர்த்துட்டோம். அஞ்சு பேருக்கும் சராசரி போட்டா நல்லாத்தானே சாப்பிடறாங்க."

சராசரியில் அந்த அம்மா வாரம் இரண்டு முட்டை தின்றிருந்தார்.

"அடுப்பு விளக்கம் என்ன ஆச்சு?"

"அது பயிற்சிக்கு சார். பதிவுக்கு இது." மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய சுற்றறிக்கையைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்து என்னுடையது. கீழே சமவெளியில் சிலர் ஒரே வீட்டை இரண்டாகக் காட்டி நிவாரணம் வாங்கியபோது நான் போட்டது. போட்டதையே மறந்திருந்தேன்.

"என்னைக் கூப்பிடும்போதே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்." கிண்டல் கொஞ்சமும் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. டீயைக் குடிக்காமல் வந்தேன். அவருக்கு அது உறைத்திருக்காது.

மறுபடி மலைக்குப் போனேன். அந்த அம்மா பின்பக்கம் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இனிமே முன்னாடி வூட்ல கொழம்பு வாங்கலாமா சார்? ரூல்ஸ் இன்னா சொல்லுது?"

"வாங்கலாம்மா."

"அவங்க குடுக்கறதுக்கும் ஒரு ரூல்ஸ் சொல்லிட்டுப் போங்க."

முன்பக்கம் போனேன். கொழுந்தன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஊரே சிரிச்சுது சார். எங்க வூட்டுக்காரி மூஞ்சிக்கு நேரா கிண்ணத்தக் குடுத்தது அண்ணி. குடுக்கச் சொன்னது நீங்க."

"தப்பு என்னுதுதான். அவங்க மேல ஒண்ணும் இல்ல."

"அத எழுதிக் குடுங்க. எங்க வூட்டுக்காரி படிக்கத் தெரிஞ்சவ."

மீந்துபோன படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்த அம்மா கிண்ணத்தைத் தானாகத் திருப்பவில்லை, நான் சொல்லித்தான். பழையபடி கொடுத்தால் எந்த விதிக்கும் விரோதம் இல்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லியே சார்."

"ரிட்டயர் ஆயிட்டேங்க."

"அப்ப இது செல்லாதுங்களே" என்று சிரித்து, மரியாதையாக இரண்டு கையாலும் காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

நின்றுபோயிருந்த புளி தட்டும் சத்தம், பின்பக்கத்தில் மறுபடி கேட்க ஆரம்பித்தது.