விசாரணைக்கு முன் ஒரு மேசை

கோப்பன்ஹேகனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவருக்கு நான்தான் சாப்பாடு தீத்துவேன். வேறு எவர் கொடுத்தாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார். ஒருநாள் அவருடைய மகன், என் நிறத்தவர்கள் தன் தகப்பனைத் தொடக்கூடாது என்று எங்கள் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்மணி அவனோடு வாதாடவில்லை. என்னைக் கீழே சலவை அறைக்கு மாற்றிவிட்டார். வீண் பிரச்சினை வேண்டாமாம்.

தொழிற்சங்கத்தின் உதவியோடு, பாகுபாட்டை விசாரிக்கும் சபைக்கு முறைப்பாடு எழுதினேன். இரு தரப்பும் சம்மதித்தால், விசாரணைக்கு முன்னர் ஒரு மத்தியஸ்தரோடு இருந்து கதைக்கலாம் என்றார்கள். நான் சம்மதித்தேன்.

என் மகளுக்குக் கோபம். வெல்லக்கூடிய வழக்கை நான் ஏன் விட்டுக்கொடுக்கிறேன் என்று டேனிஷில் கத்தினாள்.

"வெல்லுறதுக்கில்லை பிள்ளை. செய்தது பிழையெண்டு அந்த மனுசி என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. கதைக்கப் போன அன்று என்னோடு வரவும் இல்லை. நாங்கள் இருக்கும் இஷொயிலிருந்து தனியாகத்தான் ரயிலேறினேன்.

மத்தியஸ்தரின் அறையில் பொறுப்பாளர் எனக்கு எதிரே இருந்தார். மேசையில் ஒரு போத்தல் நிறையச் சூடான கோப்பி இருந்தது. யாரும் ஊற்றவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் வழி நெடுகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். மத்தியஸ்தர் என்னைப் பேசச் சொன்னபோது ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"இப்போது அவருக்கு யார் தீத்துகிறார்கள்?"

பொறுப்பாளர் கோப்பிப் போத்தலைத் தள்ளிவைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் எனக்குச் சுலபமான வழியைப் பார்த்தேன். அது பிழை. என்னை மன்னியுங்கள்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றேன். அடுத்த கிழமையே மேல்மாடி வேலைக்குத் திரும்பிப் போனேன்.

பெரியவர் மறுபடி வாய் திறந்தார். இந்த முறை பொறுப்பாளர் மகனுக்கு இணங்கவில்லை. அவன் வந்தால், நான் முடிக்கும்வரை வெளியே நடைபாதையில் நிற்பான். "நன்றாகச் சாப்பிட்டார்," என்று சொல்லிக்கொண்டு கடந்துபோவேன். அவன் என்னைப் பார்க்காமல் உள்ளே போவான்.

அதைவிடக் கடினம் மதியச் சாப்பாட்டு அறை. முன்பு என் டேனிஷைக் கேட்டு உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். முறைப்பாட்டுக்குப் பிறகு நான் கதவைத் திறந்ததும் கதை நின்றுவிடும். எல்லோரும் மரியாதையாக வணக்கம் சொல்வார்கள். நாற்காலியை இழுத்துத் தருவார்கள். பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் இருப்பதில்லை.