லவங்கம் கட்டிய கால்

அப்போது நான் நுண்ணுயிரியல் முதுகலை கடைசி ஆண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை லவங்கம், பட்டை இவற்றின் சாறு கொல்லுமா என்பதுதான் என் ஆய்வு. ஒருநாள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில், லவங்கச் சாறு விட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருந்தது. அங்கே கிருமி வளரவில்லை. படமெடுத்து வந்து, கல்மண்டபத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். சர்க்கரை நோய் உண்டு. கெளுத்தி முள் ஏறிய கால் சீழ் பிடித்து, எந்த மருந்துக்கும் ஆறாமல், அரசு ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"மெய்யாலுமா? லவங்கமா கொன்னுச்சு?"

"ஆமாக்கா. ஆஸ்பத்திரி மருந்துக்கே சாவாத கிருமி அது."

தட்டில் செத்த கிருமி உடம்பிலும் சாகும் என்று நம்ப முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்னை டாக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை பிடித்திருந்தது. சொல்லாமல் விட்டேன்.

நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால், லவங்கத்தை எண்ணெயில் அரைத்துக் காலில் கட்டியிருந்தார்.

"ஊசிக்குப் போவலையாக்கா?"

"அது இன்னாத்துக்கு? அதான் உன் மருந்து கீதே. சுர்ருனு இழுக்குது பாரு."

"ஊசியையும் வுட்டுடாதக்கா" என்று முனகிவிட்டு, கல்லூரிக்கு நேரமாகிறது என்று நழுவினேன்.

அடுத்த வாரம் அக்காவுக்குக் குளிர்க்காய்ச்சல். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் துணியை அவிழ்த்ததும் கத்தினார்.

"யாரும்மா இதைக் கட்டச் சொன்னது?"

அக்காவின் கண் ஒரு கணம் என்மேல் பட்டுத் திரும்பியது.

"யாரும் சொல்லல சார். நானாதான் கட்டிகினேன்."

பக்கத்தில் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

வீடு திரும்பியவரிடம் அழுதேன். "நான்தான்னு அங்கயே சொல்லியிருக்கணும்கா."

"சொன்னா வெரலு மொளைக்குமா? படிக்கிற பொண்ணு, உன்னப் போட்டு வெய்வாங்களேன்னு கம்முனு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. அடுத்தமுறை கட்டு மாற்றப் போனபோது கூடவே போய், டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுதான் படிக்கிறியா?"

"ஆமா சார்."

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும், என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே அக்கா கடிந்துகொண்டார்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"